செட்டிக்குளத்துல தண்ணி இருக்குதா, டீச்சர்?

“டீச்சர், பெர்னா வந்துட்டா!”

ரஞ்சனி போட்ட சத்தத்தில் கம்ப்யூட்டர் லேபே திடுக்கிட்டது. நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு மொத்தமும் வாசலைத் திரும்பிப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. பிள்ளைகள் கழற்றிவிட்ட செருப்புகள்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

“எங்கடி?”

“அங்க இல்ல டீச்சர். இங்க.”

அவள் விரல் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வகுப்பின் இணையப் பக்கத்தில், மற்ற எல்லா இணைப்புகளுக்கும் மேலே, புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. பழைய கோட்டைகளில் மழைநீரை எப்படிச் சேமித்தார்கள் என்று யாரோ எழுதிய கட்டுரை. அதன்கீழே அடையாளமாக ‘பெ’ என்று ஒற்றை எழுத்து. பக்கத்தில் ஒரு குறிப்பு.

“உள்ளேன் டீச்சர். லேட்டாயிடுச்சு. செட்டிக்குளத்துல தண்ணி இருக்குதா?”

பெர்னதெத் என்ற பெயரை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடித்தவளே நான்தான். அதற்குப் பிறகும் காலையில் பெயர் கூப்பிடும்போது பிரியாவுக்கும் மகேஸ்வரிக்கும் நடுவில் என் நாக்கு ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போகும்.

“சத்தம் போடாதீங்க! லேபா, சந்தையா இது?” என்று கத்தினேன். உண்மையில் அப்போது யாரும் சத்தம் போடவில்லை. என் கண்ணுக்குத் திரை சரியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். தூசி என்று சொன்னேன். ஒரு பிள்ளையும் நம்பவில்லை.

பரண் வந்த கதை

போன வாரம் இந்தத் தொடரில் நான் பிள்ளைகளைத் திட்டிய திட்டையெல்லாம் படித்துவிட்டு, ‘நீங்கள் இவ்வளவு கோபக்காரியா?’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஆமாம். செஞ்சியில் என்னிடம் சரித்திரம் படித்த யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். மிளகாய் டீச்சர் என்றால்தான் தெரியும்.

இந்தக் கதையே ஒரு கோபத்தில்தான் ஆரம்பித்தது.

அந்தப் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, ‘செஞ்சிக் கோட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?’ என்று ஒரு ஆய்வு கொடுத்தேன். பல் தேய்க்கும்போது கோட்டையின் மூன்று மலைகளையும் பார்த்துக்கொண்டே தேய்க்கிற பிள்ளைகள். வகுப்பைக் கட் அடித்தால்கூட ராஜகிரி அடிவாரத்தில்தான் போய் உட்காருவார்கள். நேரில் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்து, நாலு இடத்தில் தேடி எழுதுவார்கள் என்று நம்பினேன்.

வந்தது என்ன தெரியுமா? பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் எடுத்த ஒரே பிரிண்ட் அவுட். ஒரே பக்கம், ஒரே எழுத்துப்பிழை, மேலே பெயர் மட்டும் வேறு வேறு. எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு கூந்தல் தைல விளம்பரம் வேறு. கட்டோடு தூக்கி மேசையில் எறிந்தேன்.

“எல்லாருக்கும் தலைமுடி நல்லா வளரட்டும். போங்க வெளியே!”

எங்கள் கம்ப்யூட்டர் சார் முருகவேல் ரொம்ப சாது. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஸ்டாஃப் ரூமில் டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, “டென்ஷன் ஆவாதீங்க மேடம். ஒரு வழி இருக்குது” என்றார்.

அவர் காட்டியது ஒரு இணையதளம். படித்ததில் நல்லதாக எது கிடைத்தாலும் அதன் முகவரியை அங்கே சேமித்துவைக்கலாம். எதைப் பற்றியது என்று ஒரு அடையாளச் சொல் கொடுக்கலாம், பக்கத்தில் குறிப்பு எழுதலாம். ஒருவர் சேர்த்தது எல்லோருக்கும் தெரியும். எந்த மெஷினிலிருந்தும் எந்த போனிலிருந்தும் திறக்கலாம். சோஷியல் புக்மார்க்கிங் என்று அதற்குப் பெயர் சொன்னார்.

பிள்ளைகளுக்கு அவர் அதை விளக்கிய விதம் வேறு. “உங்க வீட்டுல பின்னால வேணும்னு சாமானைப் பரண்ல போட்டுவைக்கறீங்க இல்ல? அதுமாதிரிதான். ஆனா இந்தப் பரணை ஊரே எட்டிப் பாக்கலாம்.” அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அதன் பெயர் பரண். ‘பரண்ல போட்டாச்சா?’, ‘பரண்ல பாத்துட்டேன் டீச்சர்’ என்றுதான் பேச்சு.

ஆளுக்கொரு கணக்குத் தொடங்க ஆளுக்கொரு மின்னஞ்சல் வேண்டுமாம். பாதிப் பேர் வீட்டில் இருந்தது நைனாவின் பட்டன் போன். அதனால் வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு என்று முடிவு செய்தோம். இடைவேளையில் எல்லோரும் கொறிப்பது வேகவைத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான். அதையே ஆங்கில எழுத்தில் பாஸ்வேர்டாக வைத்தாயிற்று. தேதி எழுதும் இடத்துக்குக் கீழே, கரும்பலகையின் மூலையில், அது பாட்டுக்கு வருடம் முழுக்க இருந்தது. ரகசியமாம் ரகசியம்!

எல்லோரும் ஒரே ஆளாக உள்ளே போவதால், யார் போட்டது என்று தெரிய அவரவர் பெயரின் முதல் எழுத்தை அடையாளமாகச் சேர்க்கச் சொன்னேன். எதைச் சேமித்தாலும் ஏன் சேமித்தோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் படித்துவிட்டு ‘பார்த்தேன்’ என்று சேர்க்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அங்கே எழுதித் தள்ளினார்கள். லேபில் வாரத்துக்கு இரண்டு பீரியட்தான். அதற்காக லஞ்சை விழுங்கிவிட்டு ஓடிவருவார்கள். கரண்ட் போய் யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்தினால் மொத்த வகுப்பும் “ஐயோ” என்று அலறும். அந்த அலறலைக் கேட்க இப்போதும் என் காது ஏங்குகிறது.

யார் சொன்னது?

பெர்னா அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வருகிறவள். அவள் பஸ் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. நான் பெயர் கூப்பிட்டு முடிக்கும்போது, வாசலில் மூச்சு வாங்க நின்று, “உள்ளேன் டீச்சர். லேட்டாயிடுச்சு” என்பாள். தலையில் வைத்த கனகாம்பரம் பஸ் நெரிசலில் நசுங்கியிருக்கும். ரஞ்சனி நகர்ந்து இடம் கொடுப்பாள். இது தினசரி நடப்பு.

ஒருநாள் லேபில் கை தூக்கினாள்.

“டீச்சர், கோட்டைக்குள்ள இருக்கற செட்டிக்குளம் எந்தக் காலத்துலயும் வத்துனதே இல்லன்னு இதுல போட்டிருக்குது.”

“சரி, அதுக்கு இன்னா இப்ப?”

“யார் சொன்னது? போன வருஷம் வத்திப் போயி எங்க மாமா அதுக்குள்ளதான் ஆடு மேச்சாரு.”

வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் எங்கிருந்து எடுத்து எழுதியது என்று தேடிப் போனாள். அது இன்னொரு பக்கத்தைப் பார்த்து எழுதியிருந்தது. அந்தப் பக்கம் வேறொன்றைப் பார்த்து. ஒவ்வொன்றாகப் பரணில் போட்டுக்கொண்டே போய், கடைசியில் ஏதோ ஒரு லாட்ஜின் விளம்பரத்தில் போய் நின்றாள். ஆள் பிடிக்க எவனோ அளந்துவிட்டதை இணையம் முழுக்க நம்பியிருக்கிறது.

அந்த வரிசை மொத்தத்துக்கும் அவள் கொடுத்த அடையாளம் ‘யார் சொன்னது’. அது வகுப்பையே பிடித்துக்கொண்டது. எவன் எதைப் போட்டாலும் கீழே இன்னொருவன் ‘யார் சொன்னது’ என்று ஒட்டிவிடுவான். எனக்கும் தொற்றிக்கொண்டது. வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துவிட்டு, “நாளைக்கு மழையாம்” என்றால், “யார் சொன்னது?” என்பேன். “உன்கிட்ட வாயைத் திறந்தது என் தப்பு” என்று எழுந்து போய்விடுவார்.

பெர்னா அதோடு விடவில்லை. “ஒரு வருஷம் முழுக்க மாசாமாசம் பாத்தாதான் டீச்சர், வத்துதா வத்தலையான்னு நாம சொல்ல முடியும்” என்றாள். ரஞ்சனியின் அண்ணன் போனை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் கோட்டைக்குள் போவார்கள். குளத்தைப் படம் எடுத்து, எத்தனை படி முங்கியிருக்கிறது, எது வெளியே தெரிகிறது என்று எழுதிப் பரணில் போடுவார்கள். பாறைச் சூட்டில் முகமெல்லாம் கன்றிப்போய் திங்கட்கிழமை வந்து நிற்பார்கள்.

வருடம் முடியவில்லை. பாதியில் நின்றது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய புதிது. பெர்னாவின் நைனா ஆபீஸ் வராந்தாவில் நின்றிருந்தார். மேஸ்திரி வேலை செய்கிறவர். துவைத்து மடித்த சட்டை, கழுத்தில் ஜெபமாலை. பின்னால் பெர்னா, தரையைப் பார்த்துக்கொண்டு.

“டிசி வேணும் டீச்சர். இங்க வேலை ஒன்னும் ஓடல. திருப்பூருக்குக் குடும்பத்தோட போறோம். பனியன் கம்பெனியில சேத்துவிடறன்னு மச்சான் சொல்லியிருக்கான்.”

“நீங்க போங்க. பொண்ணை விட்டுட்டுப் போங்க. இன்னும் ஒரு வருஷந்தானே? பிளஸ் டூவை முடிக்கட்டும்.”

“எங்க விடறது? வீட்டைப் பூட்டிட்டு இல்ல போறோம்.”

“என் வீட்டுல விடுங்க.”

“அது நல்லா இருக்காது டீச்சர். நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “நாலு பேரா வந்து நாளைக்கு அவளுக்குச் சோறு போடப் போறாங்க?” என்று வராந்தாவே அதிரக் கத்தினேன். கிளார்க் எட்டிப் பார்த்தார். அந்த மனிதர் கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் ஆசையா என்ன, மகளைத் தையல் மெஷின் முன்னால் உட்காரவைக்க?

என் போன் நம்பரை எழுதி அவர் சட்டைப் பையில் நானே வைத்தேன். பெர்னா என்னைப் பார்க்காமலே போனாள். கேட் தாண்டும்போது மட்டும் ஒருதரம் திரும்பினாள். அவள் பார்த்தது என்னையா, லேப் ஜன்னலையா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

ஒரு மாதம் கழித்துத்தான் ரஞ்சனி லேபில் சத்தம் போட்ட அந்தத் திங்கட்கிழமை. பரணில் ‘பெ’.

உள்ளேன், உள்ளேன்

அதன்பிறகு வாரத்தில் ஒன்றோ இரண்டோ வரும். கம்பெனியில் லஞ்ச் நேரத்தில் அத்தை மகளின் போனை வாங்கிப் போடுகிறாள் என்று குறிப்பிலிருந்து தெரிந்தது. எல்லாம் தண்ணீர், குளம், கோட்டை பற்றிய பக்கங்கள்தான். ஒவ்வொன்றும் ‘உள்ளேன் டீச்சர்’ என்றுதான் தொடங்கும். ‘செட்டிக்குளத்துல தண்ணி இருக்குதா?’ என்றுதான் முடியும்.

ரஞ்சனி அவளுக்காகவே போய்ப் படம் எடுத்துப் போடுவாள். அவர்களுக்குள் பதிலும் மறுபதிலும் ஓடும்.

“நாலு படி தெரியுது பெர்னா.”

“மேல இருந்தா, கீழ இருந்தா? சரியா எழுதுடி.”

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு அதட்டல்! படித்துவிட்டு எல்லோரும் சிரிப்போம். அந்த வாரங்களில் அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. நானும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

எனக்கு ஒரே கவலை நாமினல் ரோல்தான். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் அது. ஒருமுறை அனுப்பிவிட்டால் சுலபத்தில் சேர்க்க முடியாது. அதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டால் வருடம் வீணாகாது. பரணிலேயே எழுதினேன்: “பெர்னா, நாமினல் ரோல் போறதுக்குள்ள வந்துடு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“நைனாகிட்ட பேசறேன் டீச்சர்” என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனை நாள் ஓட்டினேன்!

அப்போதுதான் எச்.எம். கூப்பிட்டார். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், கம்ப்யூட்டர் வேலையெல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று அவருக்குப் பதற்றம். யாரோ பரணைப் பற்றி அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

“டிசி வாங்கிட்டுப் போன பொண்ணு நம்ம ஸ்கூல் பக்கத்துல எழுதுதாமே? நாளைக்கு ஏதாவது ஏடாகூடமா வந்தா யாரும்மா பதில் சொல்றது?”

“அந்தப் பொண்ணு குளத்துல தண்ணி இருக்குதான்னு கேக்குது சார். இதுல இன்னா ஏடாகூடம்?”

“கேக்கறது இன்னான்றது பிரச்சினை இல்ல. ரோல்ல இல்லாத ஆளு உள்ள வரக் கூடாது. பாஸ்வேர்டை மாத்துங்க.”

“நான் மாத்த மாட்டேன்.”

“அப்ப முருகவேல் மாத்துவாரு.”

எவ்வளவோ சண்டை போட்டேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவரோடு சண்டை போட்டு ஜெயிக்க என்னால் முடிந்ததே இல்லை. முருகவேல் சார் தலையைக் குனிந்துகொண்டு மாற்றினார். கரும்பலகை மூலையிலிருந்த மல்லாட்டையை ரஞ்சனி தன் கையாலேயே அழித்தாள். புதிய பாஸ்வேர்டு சாருக்கும் எனக்கும் மட்டும். பக்கத்தை யாரும் படிக்கலாம், உள்ளே எழுதத்தான் முடியாது.

படிப்பாள் என்ற நம்பிக்கையில் நானே எழுதிவைத்தேன்: “பெர்னா, பாஸ்வேர்டை மாத்திட்டாங்க. எனக்கு போன் பண்ணு.”

போன் வரவில்லை. அவள் நைனாவின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. நாமினல் ரோல் போனது. பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள், வகுப்பாகச் சேர்ந்து போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். அந்தப் போட்டோவை நான் வாங்கவில்லை. ஒரு ஆள் குறைகிற போட்டோவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சாரோ நானோ திறந்துவிட, அடுத்தடுத்த வகுப்புப் பிள்ளைகளும் பரணில் சேர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேறு தலைப்பு, வேறு முகம். லேபைத் திறந்ததும் என் கண் முதலில் மேலே தேடும். ‘பெ’ என்று இருக்காதா? பெருமாள் என்று ஒரு பையன் ஒரு வருடம் இருந்தான். அவன் எதையாவது போட்ட நாளெல்லாம் அது யாருடையது என்று இரண்டுதரம் பார்ப்பேன். பாவம், ஒரு காரணமும் இல்லாமல் அவனை ரொம்பத் திட்டியிருக்கிறேன்.

மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். திருப்பூரில் ஆயிரம் வேலை, அதில் இந்தக் குளம் எதற்கு ஞாபகம் வரப்போகிறது?

அந்த ஒன்று

ரஞ்சனி பி.எட். படிக்கிறாள். இந்த வருடம் பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கே வந்திருக்கிறாள். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அழகைப் பார்த்தால் சிரிப்பு வரும். “மேடம்னு கூப்புடணுமா, டீச்சர்னு கூப்புடணுமா?” என்று முதல் நாளே கேட்டாள். “வாயை மூடிட்டு வேலையைப் பாரு” என்றேன். சந்தோஷமாகப் போனாள்.

அவள் வகுப்புக்குப் பரணைக் காட்டலாம் என்று நான்தான் லேபைத் திறந்துவிட்டேன். வெளியே நல்ல மழை. பழைய பக்கங்களைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனவள், எங்கேயோ நின்றுவிட்டாள்.

“டீச்சர், இந்த ‘1’ இன்னா?”

ஒவ்வொரு இணைப்பின் ஓரத்திலும் பொடியாக ஒரு எண் இருக்கும். சிலவற்றில் நூறு, இருநூறு. நாங்கள் தேடிப்பிடித்த உள்ளூர்ப் பக்கங்களில் எல்லாம் ஒன்று. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு அது, ஒன்று என்றால் நாங்கள்தான் என்று நினைத்திருந்தோம். வகுப்பு மொத்தமும் ஒரே கணக்கில், ஒரே ஆளாகத்தானே இருந்தோம்? அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

“அது நாமதான்டி.”

“யார் சொன்னது?” என்றாள் ரஞ்சனி.

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். அந்த இரண்டு வார்த்தையை லேபில் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! மெதுவாக அந்த ஒன்றின்மேல் அமுக்கினாள்.

வேறொரு பக்கம் திறந்தது. வேறொருவருடைய பரண். நாங்கள் சேர்த்த அதே கட்டுரை அங்கேயும் சேர்ந்திருந்தது. அதற்குமேல் இன்னொன்று, அதற்குமேல் இன்னொன்று. எங்கள் வகுப்பும் எங்களுக்குப் பின்னால் வந்த வகுப்புகளும் சேமித்த ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பின்னாலேயே வந்து எடுத்துத் தன் பரணில் வைத்திருக்கிறார். அந்த எண், இதை வேறு எத்தனை பேர் சேமித்திருக்கிறார்கள் என்ற கணக்காம். எல்லாவற்றின் கீழும் ஒரே எழுத்து.

பெ.

ரஞ்சனி வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். பாதியில் அவளால் முடியவில்லை. நான் படித்தேன்.

“உள்ளேன் டீச்சர். பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்குது. அதனால நானே தனியா ஒன்னு ஆரம்பிச்சுட்டேன். உங்களுது பக்கத்துல 1ன்னு வரும். அதை அமுக்குனா நான் தெரிவேன்.”

“உள்ளேன் டீச்சர். போன் பண்ணச் சொன்னதைப் பாத்தேன். நைனா ஒத்துக்கல. அதை உங்ககிட்ட போன்ல சொல்ல எனக்கு வாய் வரல. திட்டுங்க, பரவால்ல.”

“உள்ளேன் டீச்சர். யாரும் அமுக்க மாட்டேங்கறீங்களே.”

“உள்ளேன் டீச்சர். ரெண்டு மாசமா வர முடியல, சொந்தமா போன் இல்ல. இப்ப வாங்கிட்டேன். விட்டதையெல்லாம் இன்னிக்கு எடுத்து வெச்சுட்டேன்.”

“உள்ளேன் டீச்சர். தங்கச்சி பத்தாவது பாஸ். அதை மேல படிக்கவைக்கணும்னு நைனாவோட சண்டை போட்டேன். உங்களை மாதிரியே கத்துனேன். ஒத்துக்கிட்டாரு.”

ஒவ்வொன்றின் முடிவிலும் அதே கேள்வி. செட்டிக்குளத்துல தண்ணி இருக்குதா? செட்டிக்குளத்துல தண்ணி இருக்குதா, டீச்சர்? வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். ஒரு ஜென்மமும் பதில் சொல்லவில்லை. கடைசிக் கேள்வி முந்தின வாரத்தது.

நான் அழுதேன். லேபில், பிள்ளைகள் எதிரில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. இந்தமுறை தூசி என்று சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்று எவ்வளவு சுலபமாக நினைத்தேன். நான் கூப்பிடாத நாளெல்லாம் அவள் உள்ளேன் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை, பள்ளிக்கு முன்னால், ஸ்கூட்டியைக் கோட்டைப் பக்கம் திருப்பினேன். மழைக்குப் பிறகு பாறைகள் கழுவிவிட்டதுபோல இருந்தன. செட்டிக்குளம் ததும்பி நின்றது. ஒரு படிகூடத் தெரியவில்லை. என் போனில் படம் எடுத்தேன். முதல் படம் கலங்கிப்போனது, மறுபடி எடுத்தேன். பரணில் போட்டு எழுதினேன்.

“இருக்குது பெர்னா. படியெல்லாம் முங்கியிருக்குது.”

ஓரத்தில் எண் எதுவும் இல்லை. முதல் பீரியட் முடிந்து பார்த்தேன். இல்லை. லஞ்சில் பார்த்தேன். ரஞ்சனி சோற்று டப்பாவைத் திறக்காமலே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், “டீச்சர்!” என்று வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஒரு கத்தல். பி.எட். மாணவி கத்துகிற கத்தலா அது!

ஒன்று.

அமுக்கினோம்.

“உள்ளேன் டீச்சர். படம் யார் எடுத்தது? எப்ப எடுத்தது?”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம். மாறவே இல்லை, கழுதை!

“நான்தான் எடுத்தேன். இன்னிக்குக் காலைல. நம்பிக்கை இல்லன்னா நேர்ல வந்து பாரு. வரும்போது பதினொன்னாவது மார்க் ஷீட்டை எடுத்துக்கிட்டு வா. பிளஸ் டூவைத் தனித்தேர்வரா எழுதிடலாம். விண்ணப்பத்துக்கு நீ நேர்ல வரணும். திட்ட மாட்டேன்.”

கடைசி வார்த்தையை அழிக்கலாமா என்று யோசித்தேன். காப்பாற்ற முடியாத வாக்கு. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்தது.

“நீங்க திட்டுவீங்கன்னு தெரியும் டீச்சர். வரேன். லீவு கேட்டிருக்கேன், இன்னும் குடுக்கல. தண்ணி வத்தறதுக்குள்ள வந்துடறேன். அதுவரைக்கும் தினம் பாத்து எழுதுங்க. சரியா எழுதுங்க.”

அதனால் இப்போதெல்லாம் தினமும் காலையில் நான் செட்டிக்குளத்துக்குப் போகிறேன். வீட்டுக்காரர், “குளத்துல இன்னா வேலை உனக்கு?” என்கிறார். ஆய்வு என்கிறேன். படியின் விளிம்பில் தண்ணீர் மெல்ல அடித்துக்கொண்டிருக்கும். அனந்தபுரம் பஸ்ஸின் ஹாரன் கேட்டால் தன்னால் தலை திரும்பும். அவள் வரவேண்டியது திருப்பூரிலிருந்து என்பது தலைக்குத் தெரிகிறது, கழுத்துக்குத் தெரியவில்லை.

மழை நின்றுவிட்டது. வெயில் ஏற ஆரம்பித்திருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கொடுத்திருக்கும் கெடுவும் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

இன்று காலை குளத்தில் ஒரு படி வெளியே தெரிந்தது. இதை எழுதுவதா வேண்டாமா என்று வெகுநேரம் அங்கேயே நின்றேன். எழுதாமல் விட்டால் தண்ணீர் நிறைய இருக்கிறதென்று அவள் மெதுவாக வரக்கூடும். பொய் எழுதினால் யார் சொன்னது என்று கேட்பாள். போனை எடுத்தேன். சரியாகத்தான் எழுதினேன்.

“ஒரு படி தெரியுது பெர்னா. மேல இருந்து. கிளம்பு.”